பெக்கோக் ஸ்டேஷனுக்குப் போக முடியாத வீரமுத்து

1927 பிப்ரவரி 6, ஞாயிறு — 2
பிப்ரவரி 20, ஞாயிறு — 3
மார்ச் 6, ஞாயிறு — 1
மார்ச் 27, ஞாயிறு — 0
ஏப்ரல் 20, புதன் — 14
ஆக மொத்தம் — 20

இவை வெள்ளிக் கணக்கும் அல்ல, ரப்பர் ராத்தல் கணக்கும் அல்ல. வெளியே கிளம்பிய வீரமுத்துவைப் பார்த்து "எங்க போறே?" என்று கேட்கப்பட்ட தடவைகள். புகைக்கொட்டகைக் கதவின் உள்பக்கத்தில் அவனே கரித்துண்டால் குறித்து வைத்தது. கதவைப் பிற்பாடு கறையான் தின்றுவிட்டது. அதற்கு முன்பே பிரதி எடுத்தாகிவிட்டது.

மலாயாவில், பெக்கோக் ரயில் நிலையத்திலிருந்து சரியாக மூன்று மைலில் இருந்த தோட்டத்தில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகைபோடுவது வீரமுத்துவின் வேலை. பால்வெட்டை விட இதில் நாளைக்கு ஐந்து காசு குறைவு. ஆனாலும் அவனே கேட்டு வாங்கிக்கொண்டான். காரணம், கொட்டகைக்குள் யார் வந்தாலும் நான்காவது மூச்சில் கண் கலங்கி, இருமிக்கொண்டே ஓடிவிடுவார்கள். கேள்வி கேட்க நேரம் இருக்காது.

கேள்வி என்றால் வீரமுத்துவுக்கு ஆகாது. தோட்டத்தில் மனிதர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதே கேள்வி கேட்கத்தான். வயசு என்ன, சம்பளம் எவ்வளவு, ஊருக்கு எவ்வளவு அனுப்பினே, ஏன் இளைச்சுட்டே, ஏன் இன்னும் கல்யாணம் ஆகலை, என்ன குழம்பு, அதில் ஏன் கருவாடு இல்லை. இவற்றுக்கெல்லாம் அவன் ஒரு தற்காப்பு வைத்திருந்தான். கேட்பவர் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு பதில் சொல்வான். பக்கத்து வீட்டுக் காளியம்மாவிடம் தன் வயது இருபத்தொன்பது என்றான். ஸ்டேஷன் வாசலில் தேநீர்க்கடை வைத்திருந்த லியாக்கத் அலியிடம் நாற்பத்தொன்று. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி சபாபதியின் பேரேட்டில் முப்பத்தாறு. கேட்டவர்கள் திருப்தியாகப் போனார்கள். உண்மை அவனிடமே பத்திரமாக இருந்தது.

ஒரே ஒரு கேள்விக்குத்தான் அவனிடம் பொய்யும் இல்லை, மெய்யும் இல்லை. வீட்டிலிருந்து காலை எடுத்து வைத்துவிட்டவனைப் பார்த்து "எங்க போறே?" என்று கேட்டால் போகிற காரியம் விளங்காது. நல்லது தெரிந்தவர்கள் "தூரமா?" என்றுதான் கேட்பார்கள். தெரியாதவர்கள் கேட்டுவிட்டால் பரிகாரம் ஒன்றுதான்: வீட்டுக்குத் திரும்பி, உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி புறப்பட வேண்டும். இதை வீரமுத்து ஒருமுறை மீறியிருக்கிறான். 1912-இல் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது எவனோ "எங்கடா போறே?" என்று கேட்டான். திரும்பிப் போக வழியில்லை. மூன்றாம் நாள் நடுக்கடலில் அவனுடைய புதுச் செருப்பில் இடது கால் தண்ணீரில் விழுந்தது. வலது காலை அவன் இன்னும் வைத்திருந்தான், சாட்சிக்கு.

இப்படிப்பட்டவனுக்குத்தான் பாலோவில் பெண் அமைந்தது. பாலோ ரயில் நிலையத்தில் கைகாட்டி இறக்கும் வேலை பார்த்த லெட்சுமணன் என்பவரின் மகள் சந்திரமதி. நான்கு வகுப்புப் படித்தவள். அப்பாவின் கடிதங்களையெல்லாம் அவள்தான் எழுதுவாள். கடிதத்தில் வயது கேட்டிருந்தார் லெட்சுமணன். வீரமுத்து பழக்கதோஷத்தில் முப்பத்திரண்டு என்று எழுதிப்போட்டான். பிப்ரவரி 6, ஞாயிறு காலை பெண் பார்க்க வரும்படி பதில் வந்தது. பெக்கோக்கில் ரயில் ஒன்பது நாற்பதுக்கு. அதை விட்டால் அன்றைக்கு வேறு ரயில் இல்லை.

அந்தக் காலத்தில் தோட்டத்தில் ஆணுக்கு ஏற்ற பெண் கிடைப்பது புகைக்கொட்டகையில் குளிர்காற்று கிடைப்பது மாதிரி. இதுவும் தவறினால் இனி இல்லை என்பது வீரமுத்துவுக்குத் தெரியும்.

ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கு வெள்ளை வேட்டி, எண்ணெய் தடவிய தலை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் படி இறங்கினான்.

"அட, வீரமுத்துவா இது! மாப்பிள்ளை மாதிரி எங்கப்பா போறே?" என்றாள் காளியம்மா, முறத்தில் அரிசியைப் புடைத்தபடி.

வீரமுத்து அப்படியே திரும்பி உள்ளே போனான். உட்கார்ந்தான். தண்ணீர் குடித்தான். ஏழு பத்துக்கு மறுபடி புறப்பட்டான். காளியம்மா அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். தப்பித்தான்.

இரண்டாவது மைலில் மலாய்க்காரர்கள் குடியிருக்கும் கம்பம். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் சதுப்பு, வேறு வழி கிடையாது. அங்கே வேலி ஓரம் பாக் மாட் என்ற கிழவர் பிரம்புக் கூடை முடைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். வழியில் போகிறவர் எவராயினும் முகம் மலர்ந்து "பெகி மானா?" என்பார். எங்கே போகிறாய் என்று அர்த்தம். நாம் கும்பிடு போடுவதுபோல அவர்களுக்கு அது ஒரு மரியாதை. பதில் கூட எதிர்பார்க்க மாட்டார்கள். ஆனால் தோஷத்துக்கு மலாய் தெரியாது என்று யார் உறுதி சொல்வது?

"பெகி மானா, முத்து?"

ஏழு ஐம்பது. வீரமுத்து நின்றான். வானத்தைப் பார்த்தான். வாழைப்பழத்தைப் பார்த்தான். இரண்டு மைல் திரும்பி நடந்தான். எட்டு முப்பதுக்கு வீட்டில் உட்கார்ந்து தண்ணீர் குடித்து, கொஞ்சம் மூச்சு வாங்கி, எட்டு நாற்பத்தைந்துக்குப் புறப்பட்டான். பாக் மாட் குளிக்கப் போயிருந்தார். ஸ்டேஷனை அடைந்தபோது மணி ஒன்பது நாற்பத்தைந்து. ரயிலின் கடைசிப் பெட்டி வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது. வாழைப்பழத்தை லியாக்கத் அலி கடையில் உட்கார்ந்து தானே தின்றான்.

"எனக்கு அன்று காய்ச்சல்" என்று எழுதினான். பாலோவிலிருந்து பதில் வந்தது. "காய்ச்சல் குணமாகட்டும். கேசரி வீணாகிவிட்டது. இருபதாம் தேதி வரவும்."

இருபதாம் தேதிக்கு முதல்நாளே வீரமுத்து காளியம்மா வீட்டுக்குப் போனான். ஒரு கவுளி வெற்றிலையும் பாக்கும் கொடுத்து விஷயத்தைச் சொன்னான்.

"அக்கா, நாளைக்கு நான் படி இறங்குறப்ப மட்டும் ஒண்ணும் கேக்காதீங்க."

"இதுக்கா வெத்தல? நான் என்ன அப்பிடியா கேக்குறவ?" என்றாள் காளியம்மா, வெற்றிலையை இடுப்பில் செருகிக்கொண்டே. "ஆமா, பொண்ணுக்கு என்ன வயசு? எத்தன பவுனு போடுறாங்க?"

மறுநாள் ஏழு மணிக்கு அவன் வெளியே வந்தபோது காளியம்மா வாசலிலேயே காத்திருந்தாள். வாயை முந்தானையால் பொத்தியிருந்தாள். அவன் நான்கு எட்டு வைத்தான். அவளால் தாங்க முடியவில்லை.

"பாத்தியா வீரமுத்து! எங்க போறேன்னு நான் கேட்டேனா? சாமி சத்தியமா, எங்க போறேங்கிற வார்த்த என் வாயில வராது!"

வந்துவிட்டது. இரண்டு தடவை. வீரமுத்து உள்ளே போய் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்தான். ஏழு இருபதுக்குக் கிளம்பி, எட்டு மணிக்குப் பாக் மாட்டைச் சேர்ந்தான். "பெகி மானா?" என்றார் அவர், இந்த முறை எழுந்து நின்று. எட்டு நாற்பதுக்கு வீடு. இதற்குமேல் கிளம்பினால் ஒன்பது நாற்பத்தைந்துதான் என்று போன தடவையே தெரிந்திருந்ததால் வேட்டியை மடித்து வைத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய் நெருப்பை மூட்டினான்.

"பல்வலி" என்று எழுதினான். வந்த பதில் சுருக்கமாக இருந்தது. "பல் குணமாகட்டும். ரவை தீர்ந்துவிட்டது. குளுவாங்கிலிருந்து இன்னொரு இடம் வந்திருக்கிறது. பங்குனி முடிந்து சித்திரை பிறந்ததும் அப்பா ஒன்றை முடிவு செய்வார். மார்ச் 6-ஆம் தேதி கடைசி."

கடைசி என்ற சொல்லின்கீழ் ஒரு கோடு போட்டிருந்தது.

வீரமுத்து பாக் மாட்டிடம் போனான். தெரிந்த மலாயைக் கொண்டு, கையையும் காலையும் ஆட்டி, விஷயத்தை விளக்கினான். பாக் மாட் முகம் வாடிவிட்டது. எதிரே வருகிற மனிதனை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டால் இந்தக் கிழவன் சொம்போங், தலைக்கனம் பிடித்தவன் என்று ஊரே பேசாதா? அறுபது வருஷமாகக் கேட்டு வருகிறேன், இனிமேலா மாற்றுவது? பிறகு வெகுநேரம் யோசித்து அவரே ஒரு வழி சொன்னார். ஸ்டேஷன் பக்கம் முகம் வைத்துப் போனால் "பெகி மானா" என்றுதான் கேட்க வேண்டும். வீட்டுப் பக்கம் முகம் வைத்து வந்தால் "டாரி மானா", எங்கிருந்து வருகிறாய் என்று கேட்கலாம். எந்தக் கேள்வி என்பது முகத்தைப் பொறுத்தது.

வீரமுத்துவுக்கு வழி பிறந்துவிட்டது.

மார்ச் 6, காலை ஏழு மணி. வீரமுத்து வீட்டுக்குள்ளிருந்து பின்புறமாகப் படி இறங்கினான். முகம் தன் வீட்டு வாசலைப் பார்த்திருக்க, பின்னோக்கிக் கால் வைத்து, கூலிகளின் வீட்டு வரிசையான லயத்தைத் தாண்டினான்.

"என்னப்பா, இந்நேரத்துக்கே எங்க போயிட்டு வர்றே?" என்றாள் காளியம்மா.

"சும்மா அக்கா, அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டே தூரத் தூரமாகப் போனான். வருகிற கேள்விக்குத் தோஷமில்லை. காளியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, தன்னை நோக்கி வந்துகொண்டே சிறியதாகிப்போகும் மனிதனைப் பார்த்தபடி நின்றாள்.

லயம் மறைந்ததும் நேராக நடந்தான். கம்பத்தின் முதல் தென்னை மரம் வந்ததும் மறுபடி திரும்பிக்கொண்டான். பாக் மாட் வேலியோரம் உட்கார்ந்திருந்தார். முன்னால் வந்தது ஒரு முதுகு. கூர்ந்து பார்த்தார். முதுகு தாண்டிப் போனதும் முகம் தெரிந்தது. சொன்ன சொல் தவறாதவர்.

"டாரி மானா, முத்து?"

"ஸ்டேஷன்லேர்ந்து!" என்றான் வீரமுத்து, ஸ்டேஷனை நோக்கிப் போய்க்கொண்டே. அந்த மகிழ்ச்சியில் கால் பார்க்காமல், அதாவது குதிகால் பார்க்காமல், சாலையோரச் சாக்கடையில் மல்லாந்து விழுந்தான்.

வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டு ஸ்டேஷனை அடைந்தபோது எட்டு முப்பத்தைந்து. ரயிலுக்கு இன்னும் ஒரு மணி ஐந்து நிமிடம். பதினைந்து வருஷத்தில் வீரமுத்து அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. டிக்கெட் ஜன்னல் திறந்தது. அங்கே என்ன கேட்பார்கள் என்று அவனுக்குத் தெரியாதா? அதற்கும் தயாராகத்தான் வந்திருந்தான். சில்லறையைச் சரியாக எண்ணி உள்ளங்கையில் வைத்திருந்தான். அவர்கள் வாயைத் திறக்குமுன் "பாலோ, ஒண்ணு" என்று சொல்லிவிட வேண்டும். வழியெல்லாம் சொல்லிப் பழகியிருந்தான். ஜன்னலுக்கு முன் நின்று, மூச்சை இழுத்து, வாயைத் திறந்தான்.

இருமல் வந்தது. புகைக்கொட்டகை இருமல். மற்றவர்களைக் கேள்வி கேட்கவிடாமல் இத்தனை வருஷம் துரத்திய அதே புகை. அவன் இருமி முடிக்கும்வரை டிக்கெட் கொடுப்பவர் பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அன்போடு கேட்டார்.

"எங்கய்யா போகணும்?"

ஒரு மணி ஐந்து நிமிடம் இருந்தது. வீட்டுக்குப் போய்த் திரும்ப இரண்டு மணி நேரம் ஆகும். பிளாட்பாரத்துத் தண்ணீர்க் குழாயைப் பார்த்தான். லியாக்கத் அலி கடைப் பெஞ்சைப் பார்த்தான். அதை வீடு என்று வைத்துக்கொள்ளலாமா? பிறகு கடலில் மிதந்து போன இடது செருப்பு நினைவுக்கு வந்தது. செருப்பு போனால் இன்னொன்று வாங்கலாம். சந்திரமதியை வைத்துப் பரீட்சை பார்க்க முடியுமா?

"ஐயா, டிக்கெட்?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. வீரமுத்து வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தான்.

"டாரி மானா?" என்றார் பாக் மாட்.

"ஸ்டேஷன்லேர்ந்து."

பாக் மாட் முடைவதை நிறுத்தினார். ஒரே காலையில் இந்த மனிதன் இரண்டு தடவை ஸ்டேஷனிலிருந்து வந்துவிட்டான். ஒரு தடவைகூடப் போகவில்லை. இதை அவர் பிறகு பல பேரிடம் சொன்னார்.

அன்றைக்கு வீரமுத்துவுக்குப் புதிய நோய் ஒன்றும் தோன்றவில்லை. உட்கார்ந்து, காளியம்மா, வெற்றிலை, பின்நடை, சாக்கடை, இருமல் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி எழுதினான். மூன்று தாள் ஆயிற்று. அவன் எழுதியவற்றில் முதல் உண்மைக் கடிதம் அது.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. "உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாக்கடை வந்த இடத்தில் அவருக்குப் புரையேறியது. 27-ஆம் தேதி நாங்களே வருகிறோம். தயவுசெய்து வீட்டைவிட்டு வெளியே கிளம்ப வேண்டாம்."

மாப்பிள்ளை பார்க்கப் பெண் வருவதைத் தோட்டம் அதற்கு முன் கண்டதில்லை. இருபத்தேழாம் தேதி காளியம்மா வீட்டு வாசலில் பதினேழு பேர். பாக் மாட் விருந்தினருக்கு வழிகாட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். "பெகி மானா?" என்று அவர் கேட்டதற்கு, "மாப்பிள்ளை பார்க்க" என்று அந்தப் பெண் மலாயிலேயே சிரித்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறாள். அறுபது வருஷத்தில் அவருக்குக் கிடைத்த மிக நல்ல பதில் அது. கிராணி சபாபதியும் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து வீரமுத்து வீட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

காளியம்மா சந்திரமதியைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு ஆரம்பித்தாள். வயசு என்ன, சமைப்பியா, தலையில இருக்கிறது சொந்த முடியா, அப்பாவுக்கு என்ன சம்பளம். சந்திரமதி ஒவ்வொன்றுக்கும் ஒரு வார்த்தையில் பதில் சொன்னாள். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

லெட்சுமணன் தொண்டையைச் செருமினார். "தம்பி, முப்பத்திரண்டுன்னு எழுதியிருந்தீங்க. வழியில டீ குடிச்சோம். கடைக்காரர் உங்களுக்கு நாப்பத்தொண்ணுன்னு சொல்றாரே?"

"நாப்பத்தொண்ணா!" என்று துள்ளினாள் காளியம்மா. "யாரு சொன்னது? அவனுக்கு இருபத்தொம்பதுதாங்க. என்கிட்ட அவனே சொன்னான்."

"பேரேட்டுல முப்பத்தாறு" என்றார் சபாபதி. "பேரேடு பொய் சொல்லாது."

பாக் மாட்டுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பேச்சு எதைப் பற்றி என்பது புரிந்துவிட்டது. இரண்டு விரல் காட்டி, பிறகு ஏழு விரல் காட்டினார். இருபத்தேழு.

பதினேழு பேரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள். யார் யாரிடமிருந்தோ ஒளித்து வைத்த உண்மையை இப்போது எங்கே வைத்தோம் என்று அவனுக்கே தெரியாமல் போனது. வாயைத் திறந்தான். இருமல்தான் வந்தது.

"வயசுக்கே அஞ்சு கணக்குன்னா, சம்பளத்துக்கு எத்தன இருக்கோ" என்று எழுந்துவிட்டார் லெட்சுமணன். "வா புள்ள, ரயிலுக்கு நேரமாச்சு."

கேள்வியென்றால் ஓடுகிற வீரமுத்து வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு கேள்விக்காக ஏங்கினான். வாசல்வரை வந்து, சந்திரமதிக்கு மட்டும் கேட்கும்படி சொன்னான்: "நீங்க ஒண்ணுமே கேக்கலையே."

"உங்களுக்குக் கேள்வி பிடிக்காதுன்னு எழுதியிருந்தீங்களே" என்றாள் சந்திரமதி. குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.

பிறகு மூன்று வாரமும் மூன்று நாளும் ஒரு தகவலும் இல்லை. பங்குனி முடிந்தது. சித்திரை பிறந்தது. வீரமுத்து நெருப்பைக் கவனிக்காமல் ஆறு ஷீட்டுகளைக் கருகவிட்டான். "என்ன, பொண்ணு வீட்டுல என்ன சொன்னாங்க?" என்று ஒரு நாளைக்கு எட்டுப் பேர் கேட்டார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே பதில் சொன்னான்: "தெரியலை." அது உண்மையாகவும் இருந்தது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. கொட்டகை வாசலில் முதலில் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டுத்தான் பிரித்தான்.

"பத்தாம் தேதி குளுவாங் மாப்பிள்ளை வந்தார். வந்ததிலிருந்து போகிறவரை முப்பத்தொரு கேள்வி கேட்டார். நான் எண்ணினேன். அப்பா ஓய்வு பெற்றால் எவ்வளவு கிடைக்கும் என்பது நான்காவது. அப்பாவுக்கு ஏதாவது வியாதி உண்டா என்பது ஐந்தாவது. அவர் போனதும் அப்பா உங்கள் சாக்கடைக் கடிதத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். உங்கள் வயதுகளையும் கூட்டிப் பார்த்தோம். 27, 29, 32, 36, 41. மொத்தம் 165. ஐந்தால் வகுத்தால் 33. அதையே வைத்துக்கொள்வது என்று முடிவு. வைகாசியில் கல்யாணம். அதற்கு நீங்கள் எங்கும் போக வேண்டாம். உங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் வீட்டிலிருந்து கோயில் தூரமா?"

அவனுக்கு அப்போது வயது சரியாக முப்பத்து மூன்று.

உடனே பதில் எழுதி, தபாலில் சேர்க்கப் பெக்கோக்குக்கு ஓடினான். புகையும் கரியுமாக, மேல்துண்டு கூட இல்லாமல் ஓடுகிறவனைப் பார்த்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்? காளியம்மா கேட்டாள், சபாபதி கேட்டார், பாக் மாட் கேட்டார், லியாக்கத் அலி கேட்டார், முன்பின் தெரியாத பத்துப் பேர் கேட்டார்கள். பதினான்கு பேருக்கும் "கல்யாணத்துக்கு!" என்று கத்திக்கொண்டே ஓடினான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அன்று மாலை வலது காலின் பழைய செருப்பை எடுத்துப் புகையடுப்பில் போட்டான்.

பதிலில் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "தூரமில்லை. நூற்று எண்பது அடி."

சந்திரமதியின் அந்தக் கடிதம் வந்து சேர்ந்தது 1927 ஏப்ரல் 20, புதன்கிழமை.